புது பாஸ்வேர்டு

“பொன்னாடை போர்த்தி அனுப்பினோமே, அதுக்கு நல்லாச் செஞ்சுட்டான்!”

கல்லூரி அலுவலக மேனேஜர் ஆனந்தராஜ் கத்தினார். கம்ப்யூட்டரில் ஹால் டிக்கெட் பக்கம் திறக்கவே இல்லை. பத்து மணிக்குப் பரீட்சை. கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய பிள்ளைகள் வெளியே வரிசையில் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த சார்லஸ் வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டான். போகிற போக்கில் அவன் எதையோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பதில் ஆனந்தராஜுக்குத் துளியும் சந்தேகமில்லை.

“அவரையே கேட்டுருவோம் சார்” என்று, புதிதாகச் சேர்ந்த பிரகதீஸ்வரி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாராச்சும் மாத்துனீங்களா?” என்றான் சார்லஸ்.

“நான்தான் மாத்துனேன். நீ போன அன்னைக்கே. போனவன் திரும்ப உள்ள நுழையக் கூடாதுல்ல?”

“மாத்துனது சரிதான் சார். ஆனா ஹால் டிக்கெட் சாஃப்ட்வேருக்குள்ளயும் பழசை எழுதி வச்சிருக்கு. இன்னும் அதைச் சொல்லித்தான் அது கதவைத் தட்டுது. அங்கிட்டும் புதுசைப் போடணும்.”

ஆனந்தராஜின் குரல் பாதியாக இறங்கியது. “அப்படியா?”

சார்லஸ் வழி சொல்லச் சொல்ல, பிரகதீஸ்வரி அந்த ஃபைலைத் திறந்தாள். “புதுசு என்ன சார்?”

“நீ அங்கிட்டுத் திரும்பிக்கம்மா. நானே அடிக்கிறேன்.”

இரண்டு முறை அடித்தார். பதற்றத்தில் இரண்டு முறையும் தப்பு.

“மணி ஒன்பது அம்பது சார்! சொல்லுங்க, நான் போடுறேன்.”

ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினார். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“போடாசார்லஸ்.”



“எல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துதானா சார்?” என்றான் சார்லஸ்.

“ஆமாப்பா.”

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ஆனந்தராஜுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பிரின்சிபால் செங்கமலம் வேகமாக உள்ளே வந்தார். “யாராலங்க இவ்வளவு கலாட்டா? பேரைச் சொல்லுங்க, இன்னைக்கே மெமோ கொடுக்குறேன்.”

ஆனந்தராஜ் வாயைத் திறந்தார். போன் முந்திக்கொண்டது.

“மேடம், சார்லஸ் பேசுறேன். தப்பு என்னுதுதான். பாஸ்வேர்டை மாத்துனா இன்னொரு இடத்துலயும் மாத்தணும்னு சார்கிட்ட சொல்லாம வந்துட்டேன்.”