மாணவர்களுக்கு மட்டும்

மூன்றாவது பஸ்ஸிலிருந்து இறங்கி, பிராங்க்ஸ் கல்லூரியின் இலவச மளிகை ஜன்னலுக்கு அலுப்போடு வந்து நின்றார் பெல்ட்ரான். 'வசதியற்ற மாணவர்களுக்கு மட்டும்' என்ற அட்டையைப் பார்த்துத் தயங்கினார்.

உள்ளே நின்று மளிகை எடுத்துக் கொடுத்த தனீஷாவும் அங்கே உதவித்தொகையில் படிக்கும் மாணவிதான். "கூச்சப்படாதீங்கண்ணே. அம்பது வயசுக்கு மேல படிக்க வர்றவங்க இங்க நிறைய. பகல்ல வேலையா?"

"மூணு இடத்துல."

"அய்யோ! பாதியில விட்டுட்டுப் போயிடாதீங்கண்ணே."

"பல தடவை தோணிருக்கும்மா."

"இப்ப என்ன கிளாஸு?"

"கணக்கு."

"எனக்கும்தான், இன்னிக்குத்தான் சேர்றேன்! முன்னாடி எடம் போட்டு வைங்க." இரண்டு சூப் டின்களைக் கூடுதலாகப் பையில் திணித்தாள். அவர் தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

அவள் வகுப்புக்குள் ஓடி வந்தபோது, முன்வரிசை நாற்காலியில் அவருடைய கோட்டு இடம் பிடித்து வைத்திருந்தது. சாக்பீஸும் கையுமாகப் பலகை முன்னால் நின்றார் பெல்ட்ரான். மூன்று கல்லூரிகளில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் வாத்தியார்.

வகுப்பு முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் போனபின், கோட்டை மடித்து எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"வியாழக்கிழமை அரிசி வருது சார். எடுத்து வைக்கிறேன்."