ரோஸ்விதா வாங்கிய தொண்ணூறு

"கதவை உள்பக்கமாப் பூட்டுடி," என்றாள் ரோஸ்விதா, காலில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல்.

பனிச்சறுக்கு பூட்ஸ் விற்கும் கடையின் கதவைப் பூட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரம். பனிச்சறுக்குப் பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் மலைமேல் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் முக்கி முனகிப் பழைய பூட்ஸைக் கழற்றினாள். பக்கவாட்டில் விறைப்பு எண் அச்சாகியிருந்தது; எண் ஏற ஏற பூட்ஸ் வளைந்து கொடுக்காது. நூற்றிருபது. ஆண்களே அதில் முழங்காலை மடக்கத் திணறுவார்கள்.

இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்திருந்தன. வலது முழங்கால் வெந்த மாவுருண்டை போல் வீங்கியிருந்தது. இன்ஸ்ப்ரூக் நகரத்து டாக்டர் ஊசி போட்டதை யாரிடமும் சொல்லாதே என்றாள்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஆளைப் பார்ப்பதற்கு முன் பூட்ஸ் எண்ணைப் பார்ப்பார்கள். எண் இறங்கினால் ஆளும் இறங்கிவிட்டதாகக் கணக்கு.

"கஸ்பருக்குத் தெரிஞ்சா முதல் குழுவை என்கிட்டேருந்து புடுங்கிடுவான். அப்புறம் நானும் உன்னை மாதிரி அடிவாரத்துல பொடிசுங்களுக்கு மூக்கு சிந்திவிட வேண்டியதுதான்."

கஸ்பர் பள்ளியின் தலைவன். முதல் குழு என்றால் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்கள், அவர்களோடு மலை முழுக்க: பனிக்கட்டி, புதுப்பனி, மேடுபள்ளம், எல்லாம். இருபத்தாறு குளிர்காலமாக அது அவளுடையது. அதை விட்டால் அவளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது, அவளே சொல்வாள்.

காலையில் பொடிசுகளுக்கு மூக்கு சிந்திவிட்டு, மதியம் இந்தக் கடையில் நிற்பவள் நான். அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தொண்ணூறாம் எண்ணில், பெண்களுக்கென்றே செய்த ஒரு ஜோடியை எடுத்தேன். மெத்தென்ற உள்ளுறையை உருவி வெளியே வைத்துவிட்டு, அவள் வெறுங்காலை பூட்ஸின் கெட்டியான வெளி ஓட்டுக்குள் விட்டேன். குதிகாலுக்குப் பின்னால் என் இரண்டு விரல்கள் நுழைந்தன. சரியான அளவு.

உள்ளுறையைப் போட்டுக் கொக்கிகளை மாட்டினேன். மடக்கு என்றேன்.

முழங்கால் முன்னால் போனது. பூட்ஸும் கூடவே போனது. மறுபடி மடக்கினாள். மறுபடியும். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். வலி இல்லாமல் நின்று எத்தனை வருஷமாயிற்றோ.

"இப்படி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே ஏன் சொல்லல?"

போன ஞாயிறு தேவாலய வாசலில் அவளைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னதே நான்தான். எண்ணை மறைத்துத் தருகிறேன் என்று சொன்னதும் நான்தான்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, தொண்ணூறைத் துடைத்து எடுத்தேன். வெள்ளிநிற ஒட்டுத்தாளில் வெட்டி வைத்திருந்த நூற்றிருபதை அந்த இடத்தில் ஒட்டினேன். தள்ளி நின்று பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ரோஸ்விதா என் நெற்றியில் முத்தமிட்டாள். நீ நல்லா இருப்பே என்றாள். அந்தப் புது பூட்ஸோடேயே பின்வாசல் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் தெருமுனையில் திரும்பும் வரை காத்திருந்து, கஸ்பருக்குப் போன் செய்தேன்.

"வாங்கிட்டா. தொண்ணூறு. நாளைக் காலைல எல்லாரும் வரிசையா நிக்கும்போது நகத்தால கீறிப் பாரு, உரிஞ்சு வந்துடும்."

கஸ்பர் சிரிக்கவில்லை. வேலை முடிந்தவன்போலப் பேசினான். "உன் புது நூத்திருபது பழகிடுச்சா? திங்கக்கிழமைலேருந்து முதல் குழு உன்னோடது."

"மூணு நாளா வீட்டுக்குள்ளயே போட்டுட்டு நடக்கறேன்," என்றேன். "இன்னும் கொஞ்சம் கடிக்குது."