பூட்டாத ஊர்

டெல்மர் காருக்குள் விழுந்து கதவை இழுத்துச் சாத்தவும், கரடியின் மூக்கு கண்ணாடியில் வந்து மோதவும் சரியாக இருந்தது.

அது யாருடைய கார் என்று அவன் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் ஏது நேரம்?

"பூட்ஸைத் தட்டிட்டு ஏறக் கூடாதாப்பா? நேத்துதான் மகன் வண்டியக் கழுவினான்."

முன் இருக்கையில் மர்ட்டில் கிழவி உட்கார்ந்திருந்தாள். மகன் சாவியோடு கடைக்குள் போயிருந்தான். வெடி போட்டுக் கரடி விரட்டும் காவல்காரர்களுக்கு ஏற்கெனவே போன் போட்டுவிட்டாளாம். ஊரின் அந்தக் கோடியிலிருந்து அவர்கள் வர வேண்டும். அதுவரை சும்மா இருப்பானேன் என்று பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஹட்சன் குடாக் கடல் உறைந்து சீல் வேட்டைக்கு வழி பிறக்கிற வரைக்கும் பனிக்கரடிகள் பசியோடு ஊரைச் சுற்றும். அதனால் இங்கே எவரும் காரைப் பூட்டுவதில்லை. வீட்டையும் பூட்டுவதில்லை. யார் எப்போது எதற்குள் ஓடி விழ நேரும் என்று யாருக்குத் தெரியும்?

டெல்மர் மடியிலிருந்த கேமராவைத் தூக்கிப் பார்த்தான்.

வெளியூர்க்காரர்களுக்குக் கரடி காட்டிப் பிழைக்கிறவன் அவன். அவர்கள் எடுக்கும் படங்களைப் பார்த்துப் பார்த்து ஏங்கியதுதான் மிச்சம். இன்று டொரான்டோ விருந்தாளி காய்ச்சலில் படுத்துவிட்டார். போனால் போகிறது என்று தன் பெரிய லென்ஸை ஒரு நாள் இரவல் கொடுத்திருந்தார்.

தூரத்தில் நிற்கும் கரடியின் மீசையைக்கூட அதில் எண்ணலாம். ஒரு முழத்தில் நிற்கிற கரடியோ வெறும் வெள்ளை மூட்டமாகத் தெரிந்தது. டெல்மருக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை.

கரடி தோளைக் கொடுத்துக் காரை ஓர் அசை அசைத்தது.

போ, போய்த் தொலை என்று முணுமுணுத்தான்.

போயிற்று. மோப்பம் பிடித்து, தெருவோடு நடந்தது.

தெருமுனையில் ஆட்ரி வந்துகொண்டிருந்தாள். அவன் மனைவி. தபால் நிலையத்தில் வேலை முடிந்து, காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தாள்.

அவன் முன்னால் எக்கி ஹாரனை அழுத்தினான். கரடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த மாதங்களில் அது கேட்காத ஹாரனா?

ஆட்ரி நிமிர்ந்தாள். பார்த்தாள். பையை அப்படியே போட்டாள்.

எங்கே ஓடுவது என்று அவள் யோசிக்கவில்லை. சாலையோரம் அவர்களுடைய நீல வண்டி நின்றது. அதை நோக்கி ஓடினாள்.

டெல்மருக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது.

அவள் கைப்பிடியை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். காலை வண்டியில் உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள்.

மற்ற லென்ஸெல்லாம் வண்டியில் இருக்கிறது, பூட்டிவிடுங்கள் என்று காலையில் விருந்தாளி திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் அப்படி வழக்கமில்லை என்று சொல்ல டெல்மருக்கு வாய் வரவில்லை. சொன்னால் கையிலிருக்கும் லென்ஸையும் வாங்கிக்கொண்டுவிடுவாரோ என்று பயம். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டியைப் பூட்டினான். அந்தப் பழைய வண்டியைப் பக்கத்தில் போய்த்தான் திறக்க முடியும்.

மர்ட்டில் அவன் சட்டையைப் பிடிப்பதற்குள் கதவைத் திறந்து தெருவில் குதித்தான்.

"ஏய்! இங்க வா! இங்க வாடா!"

கரடி அவளை நோக்கியே போயிற்று. டெல்மர் கையிலிருந்த லென்ஸாலேயே கார்க் கூரையில் ஓங்கி ஓங்கி அடித்தான். உள்ளே கண்ணாடி நொறுங்கியது. நொறுங்கட்டும்.

கரடி நின்றது. திரும்பியது. ஓடி வரத் தொடங்கியது.

ஆட்ரி பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள். அது தள்ளியவுடன் திறந்தது. அவள் உள்ளே மறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் காருக்குள் பாய்ந்தான்.

மறுபடி அதே மூக்கு, அதே கண்ணாடி. காரும் அதே மாதிரி ஆடியது. தூரத்தில் காவல்காரர்களின் வெடிச் சத்தம் கேட்டது.

போன் அதிர்ந்தது. ஆட்ரிதான். மர்ட்டிலும் எட்டிப் பார்த்தாள்.

'எனக்கு ஒண்ணும் ஆகல. நம்ம வண்டிக் கதவு பனியில உறைஞ்சு போச்சு போல டெல், எவ்வளவு இழுத்தும் வரல. பாவி மனுஷா, எனக்காகக் கரடியவே கூப்பிட்டியே! உன்ன மாதிரி யாருக்கு வாய்க்கும்?'

பூட்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மர்ட்டில் பன்னை மெல்வதை நிறுத்தியிருந்தாள். அவள் பார்வை அவனுடைய மற்றொரு கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது, வண்டிச் சாவி உள்ளங்கையில் பதிந்து கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெடிச் சத்தம் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. கரடி காதை உயர்த்தியது. இனி அது நிற்காது. அது போனதும் ஆட்ரி ஓடி வருவாள், கட்டிக்கொள்வாள், நீல வண்டியில் வீட்டுக்குப் போகலாம் என்பாள்.

"இன்னும் கொஞ்சம் இரு" என்று டெல்மர் கண்ணாடியில் வாயை வைத்துக் கரடியிடம் கெஞ்சினான்.