கடைசிச் சாண்

"எடுத்துக்கங்க மச்சான்!"

பதினேழாவது குழியிலும் மாப்பிள்ளையின் வாயிலிருந்து அதே வார்த்தைதான். குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்த பந்தைப் புல் வெட்டுகிறவர் குனிந்து எடுத்துக்கொண்டார். எதிராளி வாய் திறந்து 'எடுத்துக்கோ' என்று சொல்லிவிட்டால் போதும். இந்த கால்ஃப் ஆட்டத்தில் அடுத்த அடியை அடிக்காமலே பந்து விழுந்ததாகக் கணக்கு.

வேலியோரம் நின்ற தொழிலாளிகள் விசில் அடித்தார்கள். "பொண்ணு எடுத்த வீட்டுக்கு இப்படில்ல மரியாதை காட்டணும்!"

இருந்தது ஒரே ஒரு பயிற்சியாளர் வேலை. நிரந்தர வேலை. இருபத்திரண்டு வருஷம் புல் வெட்டி முதுகு வளைந்தவரும், ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போன அவருடைய தங்கை புருஷனும் அதற்குத்தான் மோதினார்கள். ஆட்டம் சமமாக முடிந்தால் வேலை மூத்தவருக்கு என்று கிளப் சொல்லியிருந்தது.

அவருக்குக் கவலையே இல்லை. காலையில் கிளப் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்த தங்கை வாசலுக்கே வந்து, "அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேண்ணே" என்றிருந்தாள். தங்கமான பிள்ளை. அம்மா செத்த மறுமாசமே வீட்டை அவர் தன் பேருக்கு மாற்றிக்கொண்டபோதுகூட ஏன் என்று கேட்காதவள்.

கடைசிக் குழி. அதுவரை இருவரும் சமம். குறைந்த அடியில் முடிப்பவருக்கு ஜெயம். மாப்பிள்ளை நாலு அடியில் முடித்துவிட்டான். புல் வெட்டுகிறவர் மூன்று அடித்திருந்தார். பந்து குழியிலிருந்து ஒரு சாண். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் விழும். விழுந்தால் சமம்.

மாப்பிள்ளை குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். புல் வெட்டுகிறவர் பழகிய கையோடு பந்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வருத்தப்படாதீங்க மாப்ள. அடுத்த வேலை உங்களுக்குத்தான்."

"யோவ், ஏன்யா எடுத்த?" நடுவர் ஓடி வந்தார். "பந்து கிடந்த இடத்துல அடையாளம் வைக்காம எடுத்தா ஒரு அடி தண்டம். திரும்ப வச்சு அடி."

"நாள் பூரா எடுத்துக்கோன்னுதானே சார் சொன்னாரு!"

"இதுக்குச் சொன்னாரா?"

மாப்பிள்ளை நிமிரவே இல்லை. கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

பழைய இடத்தில் வைத்து அடித்தார். பந்து விழத்தான் விழுந்தது. ஆனால் அடி ஐந்து. ஆட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று.

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் தங்கை ஓடி வந்தாள். அவளைக் கண்டதும் அவர் எதிரே போனார். "பாத்தியாம்மா, உன் புருஷன் வாயை மூடிக்கிட்டே என் கழுத்தை அறுத்துட்டான். நீயே கேளு!"

அவள் அண்ணனைத் தாண்டிப் போய், புருஷன் தோளில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள்.

"நான்தான் சொன்னேனே, பழக்கி விட்டாப் போதும், எங்கண்ணன் கேக்காமலே எடுத்துக்குவாருன்னு."