இறக்காத சீட்டு

சைக்கிள் சீட்டை இறக்க விடமாட்டேன் என்கிறார் பாலகோபால். பாலமலை உச்சியிலிருந்து ஒற்றையடிப் பாதை மூங்கில் காட்டுக்குள் செங்குத்தாகச் சரிகிறது. ராத்திரி மழையில் செம்மண் வழவழக்கிறது. அடிவாரத்து ஊரின் பழைய கோபுரம் வெயிலில் விரல் நகமளவு மின்னுகிறது. கூட வந்தவர்கள் தங்கள் சைக்கிள் சீட்டைத் தாழ்த்திக்கொண்டு சரசரவென்று இறங்கிப் போய்விட்டார்கள். இவர் நிற்பது மகன் ஆதர்ஷின் சைக்கிளோடு. ஆறடி உயரக்காரன், போன மாதம் ஒரு காய்ச்சல் அவனை வாரிக்கொண்டு போய்விட்டது. அவன் உயரத்துக்கு வைத்த சீட்டில் உட்கார்ந்தால் அப்பாவின் கால் தரைக்கு எட்டுவதில்லை. வாராவாரம் அவனோடு மலையேறிய ஹர்ஷிணி, சீட்டின் திருகைத் தளர்த்தும் ஆலன் கீயோடு காத்திருக்கிறாள். “ஏனுங்க அங்கிள், இப்படியே எறங்குனா தலைகுப்புற உழுந்துபோடுவீங்க. இப்ப இருக்கற உயரத்துக்கு சீட்டுக் கம்பில ஒரு கோடு போட்டுக்கலாமுங்க. கீழ போனதும் அதே அளவுக்கு ஏத்தி வெச்சுடறேன்.” “அது நீ வெச்சதா இருக்கும் அம்மணி. இது அவன் வெச்சது.” “சொன்ன பேச்சு கேக்காததுல அப்படியே அவனேதானுங்க நீங்க,” என்று சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணிக்கொள்கிறது. கீயைப் பைக்குள் போடுகிறாள். எங்கோ ஒரு மயில் அகவி ஓய்கிறது. பாலகோபால் ஏறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே இறங்குகிறார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை சீட்டில்; மகனுக்கு ஓட்டப் பழக்கிய நாளில் சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடிய அதே கை. சரிவில் வண்டி முந்திக்கொண்டு இழுக்கிறது. “மெதுவா கண்ணு,” என்கிறார். “அப்பா புடிச்சிருக்கேன்.”