பூவரச மரத்து டை

ஜவுளிக்கடை சூப்பர்வைசர் குருநாதன் அன்றைக்கு மரத்தில் செய்த டை கட்டிக்கொண்டு வந்தார்.

பூவரசங்கட்டையைச் சின்னச் சின்ன சில்லாக அறுத்து, துளை போட்டு, நைலான் நரம்பில் கோத்தது. மேலே முடிச்சுகூட மரம்தான். அவர் நடக்க நடக்க 'டக் டக்' என்றது.

சேலைப் பிரிவில் சிரித்த சிரிப்பில் வாசல் பொம்மைகளே திரும்பிப் பார்த்திருக்கும்.

"என்ன சார், கழுத்துல கதவ மாட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றாள் துர்காதேவி.

"துணி டை ஃபேன் காத்துல பறந்து மூஞ்சில அடிக்குது. இது பறக்காதுல்ல. வேலையப் பாருங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும் நாகஜோதி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

ஸ்டூல், சட்டத்துக்காகப் போட்டது. முதலாளி சட்டப்படி அதில் உட்காரத்தான் கூடாது. உட்கார்ந்ததை சூப்பர்வைசர் பார்த்தால் அன்றோடு வேலை போச்சு. போன மாதம் ஜோதிகா அப்படித்தான் போனாள். கண்ணால் பார்த்ததை முதலாளியிடம் மறைக்கத் தெரியாத மனுசன் குருநாதன்.

அதுவும் எப்படி வருவார்? ராமநாதபுரத்துப் பூனைகளெல்லாம் அவரிடம்தான் நடை பழகின. பின்னால் வந்து நின்று செருமினால்தான் தெரியும்.

இப்போது?

'டக் டக்.'

நாகஜோதி மேஜையைப் பிடித்து எழுந்தாள். குருநாதன் வந்தார், பார்த்தார், போனார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"டை செஞ்சது ஒன் வீட்டுக்காரருதானடி? வேணும்னே லூசாக் கோத்துக் குடுத்திருக்காரு. அது தெரியாம மாட்டிட்டுத் திரியுது பாரு. மண்டைக்குள்ளயும் கட்டைதான் போல" என்று துர்காதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகஜோதியும் சிரித்தாள்.

கடை விட்டதும் கூட்டிப்போக வந்திருந்தான் கணவன் மாரிச்செல்வம். வண்டியில் ஏறும்போதே நாகஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லா ஏமாத்திட்டீங்க அந்த ஆள. சத்தம் மாடி பூராம் கேக்குது."

மாரிச்செல்வம் வண்டியைக் கிளப்பவில்லை.

"யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. நீ சிரிக்கிறதப் பாத்தா மனசு கேக்கல. நான் இறுக்கமாத்தான் கோத்தேன். சத்தம் வராம இருக்க உள்பக்கம் வெல்வெட்டுத் துணிகூட ஒட்டுனேன்."

"பெறகு?"

"போட்டு நடந்து பாத்தாரு. துணியப் பிய்ச்சுட்டு, நரம்பையும் தளத்தச் சொல்லிட்டாரு."

"எதுக்காம்?"

"'சத்தம் பத்தல தம்பி. வயித்துப் பிள்ளையோட எந்திரிக்க அதுக்கு நேரம் வேணும்ல'ன்னாரு."