ஒரே நிறம்

“கிளிப்பச்சைதான் வேணும்னு சொல்லுதேன்லா...”

“அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்குப் பச்சையா? மாம்பழ மஞ்சள்தாங்க லட்சணம்!”

டிசைனர் ஜெசிந்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மாதமாக அவளுடைய அழைப்பிதழ் கடைக்கு ஆளே வரவில்லை. இப்போதெல்லாம் வீட்டுக் கணினித் திரையே நொடியில் பத்திரிகை போட்டுவிடுகிறது. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அவரவருக்குப் பிடித்த நிறத்திலேயே காட்டுகிறது. இன்றோடு கடையை மூடிவிட்டு, நாளை முதல் அவள் பேட்டரி ஆலைக்கு வேலைக்குப் போகிறாள்.

“வீட்லயே ரெண்டு பேருக்கும் பிடிச்ச மாதிரி காட்டுமே, பிறகு இங்க எதுக்கு வந்திய?”

“அதான் கஷ்டமே,” என்றார் சண்முகவேல். “அவளுக்கு மஞ்சளாத் தெரியுது, எனக்குப் பச்சையாத் தெரியுது. நல்லாருக்குன்னுட்டு ஆளுக்கொரு பக்கம் எந்திரிச்சுப் போயிருதோம். வீடே ஊமையாக் கெடக்கு.”

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நிறமாத் தெரியணும்மா,” என்றாள் அவர் மனைவி சிவகாமி.

மூன்று மணி நேரம் சண்டை போட்டு, இருவருமே கேட்காத அரக்கு நிறத்தில் வந்து நின்றார்கள். ஜெசிந்தா கடையைப் பூட்டச் சாவியை எடுத்தாள். படியிறங்கிய சிவகாமி திரும்பிப் பார்த்தாள்.

“நாளைக்கும் கடை தொறப்பேல்லா, அம்மா? எழுத்து எப்படிப் போடணும்னு நாங்க இன்னும் சண்டையே போடலியே!”